கடைமடையிலிருந்து தேடுங்கள்: மல்டிகாஸ்ட் ரூட்டிங் கேள்வி–பதில்

கேபிள் டிவி நடத்துபவர்கள், கல்லூரி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள், கன்னியாகுமரியில் ஓட்டல் வைத்திருப்பவர்கள் எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். குறை ஒன்றுதான்: இன்டர்நெட் ஓடுகிறது, பிங் போகிறது, மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்பவர் அனைவருக்கும் சேர்த்து அனுப்பும் முறை) மட்டும் வரவில்லை.

பதில்களுக்கு முன் ஒரு விஷயம். யூனிகாஸ்ட் பாக்கெட், அதாவது ஒரே ஒருவருக்குப் போகும் பாக்கெட், வந்தால் 'இது எங்கே போக வேண்டும்' என்று ரூட்டர் பார்க்கும். மல்டிகாஸ்ட் பாக்கெட் வந்தால், 'இது எங்கிருந்து கிளம்பியது, அந்த இடத்துக்கு நான் போகும் வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறதா' என்று முதலில் பார்க்கும். வாசல் மாறி வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இதற்குப் பெயர் ஆர்.பி.எஃப். சோதனை. இன்னொன்று, கேட்பவர் இல்லாத பக்கம் பாக்கெட் போகாது. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தாலும் மடை திறந்தவர் வயலுக்குத்தானே பாயும்? இங்கே மடை திறக்கச் சொல்லும் கோரிக்கை கடைசி வயலிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு ரூட்டராக மேலே ஏறுகிறது. ஆகவே கோளாறைத் தேடுபவரும் கடைமடையில் தொடங்கி மேலே ஏற வேண்டும். பெரும்பாலானோர் சேனல்கள் கிளம்பும் ஹெட்எண்டில் தொடங்கிக் கீழே இறங்குகிறார்கள். நேரம் வீணாவது அங்கேதான்.

கேள்வி (மார்த்தாண்டம்): எங்கள் ஹெட்எண்ட் நாகர்கோவிலில். அங்கிருந்து தக்கலை ரூட்டர் வழியாக எங்களுக்கு 10 ஜிபி ஃபைபர் வருகிறது. போன மாதம் குளச்சல் பக்கமாக நாகர்கோவிலுக்கு நேரடியாக 1 ஜிபி லைன் ஒன்றை பேக்கப்பாக எடுத்தோம். அன்றிலிருந்து ஒரு சேனலும் வரவில்லை. தக்கலை ரூட்டருடன் பிம் (மல்டிகாஸ்ட் கோரிக்கைகளை ரூட்டர்கள் தங்களுக்குள் கடத்தும் நெறிமுறை) நெய்பர், அதாவது பக்கத்து ரூட்டர், நன்றாகக் காட்டுகிறது. பேக்கப் லைனைக் கழற்றினால் படம் வந்துவிடுகிறது. ரூட்டரில் பழுதா?

பதில்: ரூட்டரில் பழுது இல்லை. புதிய லைனில் பிம் போட மறந்திருக்கிறீர்கள். ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் அடுத்த வாரம் வேறு தலைவலி வரும். அதனால் முழுவதையும் பார்த்துவிடுவோம்.

மார்த்தாண்டம் ரூட்டரில் 'ஷோ ஐ.பி. ரூட்' கொடுத்து என்கோடரின் (படத்தை ஸ்ட்ரீமாக்கி அனுப்பும் பெட்டி) முகவரிக்கு, 10.10.1.20 என்று வைத்துக்கொள்வோம், எந்த வழி காட்டுகிறது என்று பாருங்கள். குளச்சல் லைனைத்தான் காட்டும். காரணம் ஓ.எஸ்.பி.எஃப். காஸ்ட், அதாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் நெறிமுறை ஒவ்வொரு லைனுக்கும் போடும் மதிப்பு. மொத்தம் குறைவான வழியே வெல்லும். சிஸ்கோ ரூட்டரில் அது 100 எம்பியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. 100 எம்பிக்கும் காஸ்ட் 1, 1 ஜிபிக்கும் 1, 10 ஜிபிக்கும் 1. தக்கலை வழியில் நடுவே ஒரு ரூட்டர் இருப்பதால் 1+1=2. குளச்சல் வழி நேரடி என்பதால் 1. ஆக பேக்கப் என்று நீங்கள் நினைத்த ஒல்லி லைன்தான் இப்போது முதல் வழி.

இன்டர்நெட்டுக்கு இது தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கும். மல்டிகாஸ்ட் அப்படியில்லை. என்கோடர் குளச்சல் பக்கம் இருப்பதாக ரூட்டிங் டேபிள் சொல்கிறது. அந்த வாசலில் பிம் இல்லை. எனவே ஜாயின் செய்தியை (மேலே சொன்ன மடை திறக்கும் கோரிக்கை) அனுப்ப ரூட்டருக்கு ஆள் இல்லை. தக்கலை நெய்பர் உயிரோடு இருந்தும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. 'ஷோ ஐ.பி. எம்ரூட்' எடுத்தால் உள்வரும் இன்டர்ஃபேஸ் 'நல்' (எதுவும் இல்லை) என்றும் ஆர்.பி.எஃப். நெய்பர் 0.0.0.0 என்றும் இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு இதுதான் என்று முக்கால்வாசி முடிவு செய்யலாம். ஒரு விதிவிலக்கு: அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் சந்திக்கும் ஆர்.பி. ரூட்டரிலேயே நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் வரியில் இதே 'நல்'லும் 0.0.0.0-ம் இருப்பது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உறுதி செய்ய 'ஷோ ஐ.பி. ஆர்.பி.எஃப். 10.10.1.20' கொடுங்கள். ஆர்.பி. முகவரிக்கும் தனியாக ஒருமுறை கொடுங்கள். வழி இருந்தும் 'ரூட் இல்லை' என்று பதில் வந்தால், ரூட் இருக்கும் இன்டர்ஃபேஸில் பிம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரியைப் படித்துவிட்டு ரூட்டிங்கைச் சரிபார்க்கக் கிளம்பி மணிக்கணக்கில் சுற்றுபவர்கள் உண்டு.

சரி செய்யும் முறை. குளச்சல் லைனின் இரு முனையிலும் 'ஐ.பி. பிம் ஸ்பார்ஸ் மோட்' (கேட்டவருக்கு மட்டும் அனுப்பும் முறை) போடுங்கள். ஹலோ செய்தி 30 விநாடிக்கு ஒருமுறை போகும், எனவே ஒரு நிமிடத்துக்குள் நெய்பர் தெரிய வேண்டும். ஓ.எஸ்.பி.எஃப். ஓடும் ஒவ்வொரு உள் இன்டர்ஃபேஸிலும் பிம் இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாத நெட்வொர்க், லைன் ஒன்று அறுந்த அன்றுதான் தன் குறையைக் காட்டும்.

அடுத்து காஸ்ட். எல்லா ரூட்டரிலும், ஒன்றுகூட விடாமல், ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த்தை, அதாவது அந்த 100 எம்பி அடிப்படையை, 100000 என்று மாற்றுங்கள். அப்போது 10 ஜிபிக்கு காஸ்ட் 10, 1 ஜிபிக்கு 100. தக்கலை வழி 10+10=20, குளச்சல் வழி 100. உண்மையான பேக்கப் இப்போதுதான் பேக்கப் ஆகிறது. மாற்றும்போது வழிகள் ஒருமுறை குலுங்கும். சீரியல் நேரத்தில் தொடாதீர்கள், நள்ளிரவுக்குப் பின் செய்யுங்கள்.

ஸ்டாடிக் எம்ரூட் (ஆர்.பி.எஃப். சோதனைக்காகக் கையால் எழுதும் வழி) போட்டுத் தக்கலைப் பக்கம் திருப்பிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அன்றைய இரவைக் கடத்த அது உதவும். நிரந்தரமாக வைக்காதீர்கள். தக்கலைக்கு அப்பால் ஃபைபர் அறுந்தாலும் உங்கள் இன்டர்ஃபேஸ் எழுந்துதான் நிற்கும், எம்ரூட்டும் அசையாது. பேக்கப் லைன் இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும்.

கொள்ளளவையும் கணக்குப் போடுங்கள். 150 சேனல், சராசரி 5 எம்பி என்றால் 750 எம்பி. 1 ஜிபி லைனில் மிச்சம் 250 எம்பிதான், இன்டர்நெட் சந்தாதாரர்களும் அதே லைனில் வந்தால் இரண்டும் கெடும். பேக்கப்புக்கு மாறும்போது எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்பதை க்யூ.ஓ.எஸ். மூலம் இப்போதே எழுதிவையுங்கள். குளச்சல் லைன் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்த லேயர் 2 லைன் (அவர்கள் ஸ்விட்ச்சுகள் வழியாக வரும் லைன்) என்றால் இன்னொரு கேள்வி: அவர்கள் ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட்டுக்கு ஸ்டார்ம் கண்ட்ரோல் (அளவுக்கு மேல் வந்தால் வெட்டும் வரம்பு) இருக்கிறதா? ஓ.எஸ்.பி.எஃப்., பிம் இரண்டின் ஹலோவும் மல்டிகாஸ்ட்தான், அவை சிறியவை என்பதால் போய்விடும். நெய்பர் தெரியும், சேனல் மட்டும் வெட்டுப்படும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் தக்கலை லைனை நீங்களே கழற்றிச் சோதியுங்கள். 'ஷோ ஐ.பி. எம்ரூட் கவுன்ட்' பத்து விநாடி இடைவெளியில் இருமுறை எடுத்தால் பாக்கெட் எண்ணிக்கை கூட வேண்டும், ஆர்.பி.எஃப். தோல்வி எண்ணிக்கை கூடக்கூடாது.

கேள்வி (நாகர்கோவில்): கல்லூரி அரங்க நிகழ்ச்சியை மல்டிகாஸ்ட்டாக விடுதிகளுக்கு அனுப்புகிறோம். ஒரே விலேன்தான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), ரூட்டர் நடுவில் இல்லை. நாலு நிமிடம் அருமையாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பிளேயரை மூடித் திறந்தால் மறுபடி நாலு நிமிடம்.

பதில்: அந்த நாலு நிமிடமே காரணத்தைச் சொல்கிறது. ஸ்விட்ச்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் (ஸ்ட்ரீம் கேட்கும் கோரிக்கைகளைக் கவனித்து, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது) ஓடுகிறது, ஆனால் 'யாருக்கு வேண்டும்' என்று கேட்கும் குவெரியர் இல்லை. பிளேயர் திறந்ததும் ஒருமுறை கோரிக்கை போகிறது, ஸ்விட்ச் அந்த போர்ட்டைக் குறித்துக்கொள்கிறது. ஐ.ஜி.எம்.பி. பதிப்பு 2-இன் விதிப்படி 125 விநாடிக்கு ஒரு குவெரி வர வேண்டும். இரண்டு குவெரி தவறி, பதிலுக்கான 10 விநாடியும் போனால் பெயர் அடிக்கப்படும். 125+125+10, மொத்தம் 260 விநாடி. அதாவது 4 நிமிடம் 20 விநாடி.

மையத்தில் உள்ள ஸ்விட்ச்சில் அந்த விலேனுக்கு ஸ்னூப்பிங் குவெரியரை இயக்குங்கள். அந்த விலேனில் ஸ்விட்ச்சுக்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுங்கள். முகவரி இல்லாமல் 0.0.0.0 என்று போகும் குவெரியைச் சில கருவிகள் மதிப்பதில்லை. லேயர் 3 ஸ்விட்ச் என்றால் விலேன் இன்டர்ஃபேஸில் பிம் போட்டாலே அது குவெரியராகிவிடும். ஒரு லேப்டாப்பில் 'டிசிபிடம்ப்' வைத்து ஐ.ஜி.எம்.பி. பாக்கெட்டுகளை மட்டும் பாருங்கள். 224.0.0.1-க்குக் குவெரி குறித்த இடைவெளியில் வர வேண்டும். சிஸ்கோவில் இயல்பான இடைவெளி 60 விநாடி. அனுப்பும் முகவரி உங்கள் ஸ்விட்ச்தானா என்றும் பாருங்கள். விலேனில் மிகச் சிறிய ஐ.பி. உள்ளவர்தான் குவெரியர் ஆவார். விடுதி அறையில் யாரோ மாட்டிய வீட்டு ரூட்டர் தேர்தலில் வென்றுவிட்டால், அதை அணைத்த சில நிமிடத்தில் படமும் தடுமாறும்.

ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் படம் நிற்காமல் ஓடும். அதைச் செய்யாதீர்கள். 6 எம்பி ஸ்ட்ரீம் 20 இருந்தால் 120 எம்பி ஒவ்வொரு போர்ட்டிலும் கொட்டும், 100 எம்பி போர்ட்டில் உள்ள கணினி, கேமரா எல்லாம் மூழ்கும்.

கேள்வி (கன்னியாகுமரி): ஓட்டலில் வி.எல்.சி. மூலம் சூரிய உதய நேரலையைத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்புகிறோம். அதே தளத்தில் தெரிகிறது. வேறு விலேனில் உள்ள மேல்தளத்தில் இல்லை. பிம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: டி.டி.எல்., அதாவது ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் பாக்கெட்டின் ஆயுள் எண்ணைப் பாருங்கள். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு இயங்குதளங்கள் இயல்பாக வைக்கும் டி.டி.எல். 1. ரூட்டர் ஒன்றைக் குறைத்ததும் பூஜ்யம், பாக்கெட் அங்கேயே சாகிறது. வி.எல்.சி.யின் ஸ்ட்ரீம் அவுட்புட் அமைப்பில் டி.டி.எல். 10 என்று வைத்தால் போதும். என்கோடர் பெட்டி என்றால் அதன் இணையப் பக்கத்தில் இதே பெயரில் ஒரு கட்டம் இருக்கும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): சேனல் மாற்றியதும் ஒரு விநாடி படம் வருகிறது, உடனே கறுப்பு. எங்கள் ஆர்.பி. ஒரு ஊரில், என்கோடர் வேறு ஊரில்.

பதில்: ஸ்பார்ஸ் மோடில் முதல் பாக்கெட் ஆர்.பி. வழியாக வரும். வந்ததும் கடைசி ரூட்டர் என்கோடரின் முகவரியைத் தெரிந்துகொண்டு, அதற்கு நேர்வழியில் ஜாயின் அனுப்பும். சிஸ்கோவில் முதல் பாக்கெட்டிலேயே இந்த மாற்றம் நடக்கும். உங்கள் ஒரு விநாடிப் படம் ஆர்.பி. வழியில் வந்தது, கறுப்பு நேர்வழியில் வந்தது. நேர்வழியில் எங்கோ பிம் இல்லை, அல்லது ஏதோ ஒரு ஆக்சஸ் லிஸ்ட் (அனுமதி விதிப் பட்டியல்) தடுக்கிறது.

சோதிக்க, கடைசி ரூட்டரில் 'எஸ்.பி.டி. த்ரெஷோல்ட் இன்ஃபினிட்டி' போடுங்கள். நேர்வழிக்கு மாறாமல் ஆர்.பி. வழியிலேயே நிற்கும். படம் நிலைத்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு ரூட்டரிலும் என்கோடர் முகவரிக்கு ஆர்.பி.எஃப். பார்த்துக்கொண்டே மேலே ஏறுங்கள். சோதனைக் கட்டளையை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

கேள்வி (குலசேகரம்): கோயில் கொடை, தேவாலயத் திருவிழா நேரலைக்காக இங்கே ஒரு என்கோடர் வைத்தோம். ஆர்.பி. நாகர்கோவிலில், நடுவில் ஃபயர்வால். இங்குள்ள ரூட்டரில் பாக்கெட் வருவது தெரிகிறது, நாகர்கோவிலில் அந்தக் குழு முகவரியே (ஸ்ட்ரீமுக்குரிய மல்டிகாஸ்ட் முகவரி) இல்லை.

பதில்: என்கோடரை ஒட்டியிருக்கும் ரூட்டர் முதல் பாக்கெட்டுகளை ரெஜிஸ்டர் என்ற உறையில் போட்டு ஆர்.பி.க்கு யூனிகாஸ்ட்டாக அனுப்பும். அது டி.சி.பி.யும் அல்ல, யு.டி.பி.யும் அல்ல. ஐ.பி. புரோட்டோகால் எண் 103. ஃபயர்வாலில் போர்ட் எண்ணை மட்டும் திறந்தவர்களுக்கு இது விட்டுப்போகும். இரு ரூட்டர்களுக்கும் இடையே இரு திசையிலும் 103-ஐத் திறங்கள். திரும்பி வரும் ரெஜிஸ்டர்-ஸ்டாப்பும் அதே எண்தான். அதோடு, ஃபயர்வால் நடுவில் ரூட்டராக நிற்கிறது என்றால் அதிலும் பிம் ஓட வேண்டும், குழு முகவரிக்கான போக்குவரத்துக்கும் விதி வேண்டும்.

ஆர்.பி. முகவரியைக் கையால் எழுதியிருந்தால் எல்லா ரூட்டரிலும் ஒரே முகவரிதானா என்று 'ஷோ ஐ.பி. பிம் ஆர்.பி. மேப்பிங்' எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறினாலும் கேட்பவர் ஒரு சந்தியில் நிற்பார், கொடுப்பவர் வேறு சந்தியில் நிற்பார்.

இன்னொரு யோசனை, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். உங்களைப் போல் என்கோடர்களின் முகவரி முன்பே தெரிந்த நெட்வொர்க்குக்கு ஆர்.பி.யே தேவையில்லை. 232-இல் தொடங்கும் குழு முகவரிகளை எடுத்து, மூலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் எஸ்.எஸ்.எம். முறைக்கு மாறுங்கள். ரெஜிஸ்டர் இல்லை, வழிமாற்றம் இல்லை, மேலே ஆரல்வாய்மொழி வாசகருக்கு வந்த கோளாறும் இல்லை. தேவை ஒன்றுதான்: செட்டாப் பாக்ஸும் ஸ்விட்ச்சும் ஐ.ஜி.எம்.பி. பதிப்பு 3-ஐப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெட்டியை மேசையில் வைத்துச் சோதித்த பிறகே எல்லா வீட்டுக்கும் மாற்றுங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): எங்கள் பள்ளியின் இரு வளாகங்களுக்கும் நடுவில் ஐபிசெக் வி.பி.என். (இன்டர்நெட் வழியே மறையாக்கிய இணைப்பு) இருக்கிறது. மணி அடிக்கும் ஐ.பி. ஒலிபெருக்கிகள் ஒரு வளாகத்தில் ஒலிக்கின்றன, மற்றதில் இல்லை.

பதில்: இரு முனையிலும் முகவரிப் பட்டியல் எழுதி அமைக்கும் சாதாரண ஐபிசெக் மல்டிகாஸ்ட்டைச் சுமக்காது. அதற்குள் ஒரு ஜி.ஆர்.இ. டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) அமைத்து, டனல் இன்டர்ஃபேஸில் பிம் போடுங்கள். டனல் வந்தும் ஒலி வராவிட்டால் ஆர்.பி.எஃப்.தான். மணி அடிக்கும் சர்வருக்கான வழி வெளி இன்டர்ஃபேஸைக் காட்டும், பாக்கெட்டோ டனலில் வரும். சர்வரின் நெட்வொர்க்குக்கு டனலை நோக்கி ஸ்டாடிக் எம்ரூட் போடுங்கள். வேறு வழியே இல்லாத இந்த இடத்துக்கு அது பொருத்தம். டனலில் ஓ.எஸ்.பி.எஃப். ஓட்டினால் டனலின் மறுமுனை முகவரியையே அதற்குள் அறிவித்துவிடாதீர்கள். டனலுக்குப் போகும் வழி டனலுக்குள்ளேயே இருப்பதாக ரூட்டர் நினைத்து, டனல் விழுந்து விழுந்து எழும்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஜி.ஆர்.இ. 24 பைட் கூட்டும், ஐபிசெக் அதற்கு மேலும் கூட்டும். டனலின் எம்.டி.யு.வை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1400 என்று வையுங்கள். ஒலி பாக்கெட் சுமார் 200 பைட்தான், பிரச்சினை இல்லை. பின்னாளில் வீடியோ அனுப்பினால் ஒரு பாக்கெட்டில் 188 பைட்டாக ஏழு துண்டு, 1316. தலைப்புகளோடு 1344. அதுவும் அடங்கும்.

கடைசியாக, ஒலிபெருக்கியில் எழுதியிருக்கும் குழு முகவரியைப் பாருங்கள். 224.0.0-இல் தொடங்கினால் எந்த ரூட்டரும் அதைக் கடத்தாது. அந்த 256 முகவரிகள் ஒரே லைனுக்குள் மட்டும் பேசுவதற்கு ஒதுக்கப்பட்டவை. 239-க்கு மாற்றுங்கள்.

கேள்வி (இரணியல்): நாற்பது சேனலில் ஒன்று மட்டும், யாரும் கேட்காமலே எல்லா போர்ட்டிலும் கொட்டுகிறது. முகவரி 239.128.0.12. ஸ்னூப்பிங் சரியாக இருக்கிறது.

பதில்: முகவரிதான் காரணம். ஈதர்நெட்டில் குழு முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குள் (ஸ்விட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி) போகிறது. குழு அடையாளம் 28 பிட், அதில் 5 பிட் தொலைகிறது, ஆக 32 குழுக்களுக்கு ஒரே மேக். 239.128.0.12-உம் 224.0.0.12-உம் ஸ்விட்ச்சின் கண்ணுக்கு ஒன்றே. 224.0.0 வரிசையை ஸ்விட்ச் எப்போதும் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். 239.0.0, 239.128.0 இரண்டு வரிசைகளையும் தவிர்த்து, 239.10.1.12 போல ஒன்றைக் கொடுங்கள்.

கேள்வி (கருங்கல்): மழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பிம் அமைப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரூட்டிங் கோளாறு என்றால் பெரும்பாலும் திரை முழுக்கக் கறுப்பாகும். கட்டம் கட்டமாக உடைந்தால் பாக்கெட் இழப்பு. இன்டர்நெட்டில் டி.சி.பி. தொலைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதால் அங்கே தெரியாது, மல்டிகாஸ்ட்டில் தொலைந்தது தொலைந்ததுதான். போர்ட்டில் சி.ஆர்.சி. பிழை (சேதமாகி வந்த பாக்கெட்) கூடுகிறதா என்று பாருங்கள். வீடுகளுக்கான ஃபைபர் முறையான ஜிபானில் பி பிளஸ் வகை என்றால் வீட்டுப் பெட்டிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஒளி அளவு −27 டிபிஎம். வெயிலில் −25 காட்டி மழையில் −28-க்கு இறங்கினால், நீர் புகுந்த ஜாயின்ட் பெட்டியோ மரக்கிளை அழுத்தும் கேபிளோ எங்கோ இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது, ரப்பர் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கேபிள் போகிறது. ஜூனுக்கு முன் ஒருமுறை, அக்டோபருக்கு முன் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து சீல் பாருங்கள். கடைசிச் சந்தாதாரரின் பவர் அளவை வெயில் நாளிலேயே குறித்துவைத்தால்தான் மழைநாளில் ஒப்பிட முடியும்.